நான் மருந்தடித்த மஞ்சள் கரிசாலை

மஞ்சள் கரிசாலையை வளர்ப்பதற்குப் பெரிய கெட்டிக்காரத்தனம் எதுவும் வேண்டாம். நான் அதைக் கொன்றும் இருக்கிறேன், வளர்த்தும் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நாலு கணு உள்ள தண்டு ஒன்றைக் கிள்ளி, கீழே இரண்டு கணுவின் இலையை உருவிவிட்டு, ஈர மண்ணில் சாய்த்துப் படுக்க வைத்து, மேலே ஒரு பிடி மண்ணைப் போட்டு அமுக்கினால் போதும். எங்கள் பக்கத்துக் குளிரில் இரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும். செடி முழங்காலுக்கு மேல் எழும்பாது. தரையோடு தரையாக ஊர்ந்து, மண்ணைத் தொட்ட கணுவிலெல்லாம் புது வேர் விட்டு, அங்கிருந்து இன்னொரு செடியாகக் கிளம்பும். பூ சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல மஞ்சள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அழகுக்கென்று எங்கேயோ நட்டு, இப்போது ரோட்டோரமெல்லாம் இறங்கிவிட்ட இன்னொரு கொடியும் இருக்கிறது. பூ இதே மஞ்சள்தான். இலையைப் பாருங்கள். அதன் இலை மினுமினுவென்று, நுனியில் மூன்றாகப் பிரிந்திருக்கும். கரிசாலை இலை நீளமாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அந்த ரோட்டோரக் கொடியைப் பறித்துத் தின்றுவிட்டு என்னை வந்து திட்டக் கூடாது.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ரொம்பப் பின்னால். அதற்கு முன் இந்தச் செடியைக் கண்டாலே எனக்கு உடம்பு எரியும்.

எங்கள் லயம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. அதில் கடைசி இரண்டு காம்பராவும் எங்களுடையவை. ஒன்றில் நானும் என் மனைவியும் மகளும். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் என் தம்பியும் அவன் மனைவியும். பின்னால் இருக்கிற துண்டு நிலத்தை அப்பா சாவதற்கு முன் இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு வரிசை கல் பதித்துவிட்டுப் போனார். மேல் பக்கம், மலை ஊற்றுத் தண்ணீர் பீலி வழியாக விழுகிற பக்கம், தம்பிக்கு. கீழ்ப் பக்கம் எனக்கு. மூத்தவன் நான், தண்ணீர் அவனுக்கு. இதை நான் அப்பாவின் பாடையைத் தூக்கும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி தோட்டத்து வேலைக்கு வரவில்லை. ஹட்டன் டவுனில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டினான். நான் மலையில் மருந்தடிக்கிறவன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே புல்லைச் சாகடிப்பதுதான் என் வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று லயத்தில் சொல்வார்கள். அட, நுனியில் என்ன, மூக்கு முழுக்க அதுதான்.

கரிசாலையைக் கொண்டுவந்தவள் தம்பி மனைவி. பூண்டுலோயாவிலிருந்து கல்யாணமாகி வந்தபோது, ஈரத்துணியில் சுற்றி நாலைந்து தண்டு கொண்டுவந்து பீலிக்குப் பக்கத்தில் நட்டாள். ஒரே வருடத்தில் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. லயத்தில் யாருக்குக் கண் மஞ்சளாகப் போனாலும் அவள் பாத்திக்குத்தான் வருவார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. விடியும் முன், இலையில் பனி காய்வதற்குள் பறிக்க வேண்டும். பறிக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. கொடுக்கிற வீட்டுக்காரர் யாருக்கு என்று கேட்கக் கூடாது. இலையைக் கழுவக் கூடாது, கழுவினால் குணம் தண்ணீரோடு போய்விடும் என்பார்கள். பனியோடு அப்படியே அரைத்து, மோரில் கலக்கி, மூன்று நாள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். எல்லா லயத்திலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. எங்கள் லயத்தில் இப்படித்தான்.

செடிக்கு ஊர்வது சுபாவம் என்றேன் அல்லவா. அது கல்லைத் தாண்டி, நான் கறிக்குப் போட்டிருந்த லீக்ஸ் பாத்திக்குள் வந்தது. நான் பிடுங்கினேன். மறுபடி வந்தது. பிடுங்கியதைச் சுருட்டி அவர்கள் கூரைத் தகரத்தின் மேல் வீசினேன்.

தம்பி மனைவி பின்கதவில் நின்று சொன்னாள்: "மாமா, அது செடிங்க. அதுக்குக் கல்லு இருக்குறது தெரியுமா?"

"ஒனக்குத் தெரியும்ல? தண்ணிதான் ஒங்களுக்குப் போச்சு, மண்ணும் வேணுமா?" என்றேன்.

அதிலிருந்து வாய்ச்சண்டை ஒன்றுமேல் ஒன்றாக ஏறி, இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. என் மனைவியிடம் கட்டளையே போட்டிருந்தேன். "அந்தப் பக்கம் கால வெச்ச, கால ஒடிச்சிருவேன்." அவள் நம்பினாள். நம்புகிற மாதிரித்தான் நான் அதுவரை நடந்திருந்தேன். என் மகளுக்குச் சித்தி என்றால் உயிர். அவளையும் விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மலையில் நாள் முழுக்கத் தூறல். உடம்பெல்லாம் நனைந்து, அட்டை கடித்த காலோடு வீட்டுக்கு வருகிறேன். லீக்ஸ் பாத்தியில் பார்த்தால், என் கை நீளத்துக்குக் கரிசாலை உள்ளே வந்து, லீக்ஸுக்கு நடுவே பூவும் பூத்திருக்கிறது. சட்டையைக்கூட மாற்றவில்லை. மம்பட்டியை எடுத்தேன். கல் வரிசையை ஒட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, தாண்டி வந்த தண்டையெல்லாம் ஓங்கி ஓங்கி வெட்டினேன். வெட்டுகிற வேகத்தில் இரண்டு கல் பெயர்ந்து அவர்கள் பக்கம் விழுந்தது.

தம்பி அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். ஓடி வந்து மம்பட்டிக் காம்பைப் பிடித்தான்.

"அண்ணே, விடுங்க. கல்லு அப்பா வெச்சது."

"அப்பா ஒனக்குத்தான் எல்லாம் வெச்சாரு" என்று காம்பை இழுத்து அவன் தோளில் அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவன் விழவில்லை. தலையைக் குனிந்து என் வயிற்றில் முட்டித் தள்ளினான். நான் பீலிக் கல்லில் போய் முகம் அடிபட விழுந்தேன். முன்பல் இரண்டு போயிற்று. எழுந்தபோது வாயெல்லாம் இரத்தம், கண்மண் தெரியவில்லை. கூரை இறவாணத்தில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவினேன். தேயிலையின் மரத்தண்டையே ஒரே வெட்டில் சாய்க்கிற கத்தி அது. என் மனைவி என் கையில் தொங்கினாள். அவளை உதறிவிட்டு வீசினேன். கத்தி திரும்பியிருந்ததால் அதன் முதுகுதான் தம்பியின் முழங்கையில் பட்டது. கூர்ப் பக்கம் பட்டிருந்தால் கை பீலியில் போயிருக்கும். அதற்குள் லயத்து ஆட்கள் வந்து இரண்டு பேரையும் இழுத்துப் பிடித்தார்கள். தம்பி மனைவி அவனுடைய வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி கத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "அடுத்த வாட்டி கல்லத் தாண்டி ஒங்க கை வந்துச்சு, அண்ணன்னு பாக்க மாட்டேன். கொன்னுட்டு ஜெயிலுக்குப் போவேன்."

அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மனைவி வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மகள் மூலையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். ஏ.எல். படிக்கிற பிள்ளை, பரீட்சை நெருங்குகிற நேரம், இரண்டு மூன்று நாளாகவே இப்படிப் படுத்துப் படுத்துக் கிடந்தாள். சண்டையைப் பார்த்துவிட்டு என்மேல் கோபம் என்று நினைத்தேன். "எந்திரிச்சுப் படி, படுத்துக் கெடந்தா எழுத்து மண்டைல ஏறுமா?" என்று சத்தம் போட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விளக்கைக் கிட்டக் கொண்டுபோய் அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. டாங்கியில் மிஞ்சிய மருந்தை மலையிலேயே தீர்த்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. நாங்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. பாதையில் முளைக்கிற புல்லுக்கு, கக்கூசைச் சுற்றி இருக்கிற புதருக்கு ஆகும் என்று சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்குக்குத் தெரியும், கண்டும் காணாமல் விட்டுவிடுவார். அன்றைக்கு நான் வேண்டுமென்றே டாங்கியில் மிச்சம் வைத்தேன். இரண்டு போத்தல் நிறைய.

பொழுது சாய்கிற நேரம். தம்பி வண்டியோடு ஹட்டனில், அவன் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற சின்னக் கைப்பம்பில் மருந்தை ஊற்றிக்கொண்டு, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றே எட்டி எட்டி அடித்தேன். தாண்டக் கூடாது என்று அவன் சொன்ன கல்லை என் கை தாண்டியது, ஆனால் பார்க்க ஆளில்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, என் லீக்ஸில் ஒரு சொட்டும் படாமல், அவர்கள் பாத்தியில் ஒரு இலையும் தப்பாமல் அடித்தேன். என் தொழில் அது. சுத்தமாகச் செய்தேன்.

அந்த மருந்தின் குணம் ஒன்று உண்டு. அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் தெரியாது. இலை பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். நாலைந்து நாள் கழித்துத்தான் நுனி வெளிறி, வேர் வரைக்கும் போய்ச் சாகும். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. செடி சாகும்போது யார் அடித்தது, எப்போது அடித்தது என்று யாரும் விரலை நீட்ட முடியாது.

யாராவது இலை பறிக்க வருவார்களே என்று தோன்றவில்லையா? பிறகு போலீஸ்காரர் இதைத்தான் கேட்டார். தோன்றியது ஐயா. இப்போதைக்கு லயத்தில் யாருக்கும் காமாலை இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன். அதையும் மறைக்கவில்லை.

ஞாயிறு வேலை இல்லை. லேட்டாக எழுந்து, பிளேன்டீ குடிக்கலாம் என்று குசினிக்குள் போனேன். மனைவி அடுப்புக்கு முன் குந்தியிருந்தாள். அம்மியில் பச்சையாக ஏதோ அரைத்து வழித்த தடம்.

"என்னாடி அரைச்ச?"

"மல்லிச் சட்னிங்க."

மல்லி வாசனை இல்லை. அம்மி ஓரத்தில் ஒரு மஞ்சள் இதழ் ஒட்டியிருந்தது. எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. இப்போதும் இதை எழுதக் கை கூசுகிறது. விஷம் என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. இவள் கல்லைத் தாண்டிப் போயிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. ஓங்கிக் கன்னத்தில் அறைந்தேன். அவள் விறகுக் கட்டின் மேல் போய் விழுந்தாள்.

"ஏன்டி தாண்டிப் போன? யாரக் கேட்டுப் போன?" என்று இன்னொரு அடி. முடியைப் பிடித்து இழுத்து நிமிர்த்தி, மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கிய பிறகுதான், யாருக்கு என்ற கேள்வி எனக்கு வந்தது.

"பாப்பாவுக்கு" என்றாள். உதடு கிழிந்திருந்தது. "வெள்ளிக்கெழமையே கண்ணு ரெண்டும் மஞ்சளாப் போச்சு. ஒங்ககிட்ட சொன்னா எல பறிக்க விட மாட்டீங்க. அதான் விடியக்காலைல போயி எடுத்தேன்."

"குடிச்சிட்டாளா?"

"அர டம்ளரு குடிச்சா. மிச்சத்த வெச்சிருக்கேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. எத்தனை நிமிடம் அடியில் போனது என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிடங்கள் என் மகளுடையவை.

"அதுல மருந்து" என்றேன். "நேத்துச் சாயங்காலம் நான்தான் அடிச்சேன். புல்லு மருந்து."

என் மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவி என் தோளில் அடித்தாள். நெருப்பு சிதறியது, சட்டை பற்றியது. இருபது வருடத்தில் என்மேல் ஒரு விரல் வைக்காதவள். அவள் அடிக்க அடிக்க நான் நின்றேன். பிறகு கட்டையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அந்த வடு இன்னும் இருக்கிறது.

மகளைத் தூக்கி உட்கார வைத்தேன். பகல் வெளிச்சத்தில் கண் எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தது. வாயில் விரலை விட்டேன். அவள் என் கையைக் கடித்தாள். இன்னும் ஆழமாக விட்டேன். பச்சையாக வாந்தி எடுத்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "அப்பா விடுங்கப்பா, வலிக்குதுப்பா" என்று மட்டும் அழுதாள்.

லயத்தில் வண்டி இருப்பது ஒருவனிடம்தான். இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து குதித்து, தம்பி வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தேன். கதவைத் திறந்தவன் கையில் வண்டியைத் தூக்குகிற ஜெக் கம்பி. நான் மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். கம்பியை ஓங்கிக்கொண்டுதான் வெளியே வந்தான். என் தோள் புகைந்துகொண்டிருந்தது, வாய் வீங்கியிருந்தது. நான் கையைக் கூப்பினேன்.

"பாப்பா எல குடிச்சிட்டா. ஒங்க பாத்தி எல. அதுல நான் மருந்தடிச்சேன்டா."

தம்பிக்குப் புரியவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற அவன் மனைவிக்குப் புரிந்தது. விடியற்காலையில் என் மனைவி பாத்தியில் குனிந்தபோது, பின்கதவைத் திறந்து டோர்ச் பிடித்து வெளிச்சம் காட்டியவள் அவள்தான். முறைப்படி அவள் கேட்கவில்லை, முறைப்படி இவள் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் நான் சுவருக்கு இந்தப் பக்கம் விழித்திருப்பேன், கத்தியிருப்பேன், அடித்திருப்பேன், பிள்ளை அதைக் குடித்திருக்க மாட்டாள்.

"நாந்தாங்க வெளிச்சம் காட்டுனேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி கம்பியைக் கீழே போட்டான். ஓடிப்போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணினான்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த ரோட்டை எனக்கு ஒவ்வொரு குழியாகத் தெரியும். அன்றைக்குப் போல அது ஒருநாளும் நீளமாக இருந்ததில்லை. பின்சீட்டில் மனைவி மடியில் மகள், வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். நான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன். வீங்கிய கையோடு தம்பி ஹேண்டிலைத் திருப்பினான். ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இளம் வயது, சிங்களவர். வாசனையை வைத்தே என்ன என்று கேட்டார். என் சிங்களம் மலை வேலைக்குத்தான் காணும். ஹட்டனில் வண்டி ஓட்டுகிற தம்பிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவன்தான் கேட்டுக் கேட்டுச் சொன்னான்.

"தானா குடிச்சாளான்னு கேக்குறாரு" என்றான்.

இந்த வயதுப் பெண்பிள்ளை புல்லு மருந்தோடு வந்தால் யாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எங்கள் தோட்டங்களில் அப்படிப் போன பிள்ளைகளை எனக்கே தெரியும். மகள் கட்டிலில் கிடந்தபடி தலையை ஆட்டினாள். "நானாக் குடிக்கல" என்றாள். டொக்டர் நம்பின மாதிரி இல்லை. அவள் கண் என் பக்கம் திரும்பியது. சொல்லுங்க அப்பா என்கிற பார்வை.

"நான் அடிச்சேன்னு சொல்லுடா" என்றேன் தம்பியிடம். "ஒன் மேல இருக்குற ஆத்திரத்துல ஒன் பாத்தில அடிச்சேன்னு சொல்லு. அதே மாதிரி சொல்லு."

அவன் சொன்னான். என் வாயிலிருந்து போக வேண்டியது அவன் வாயிலிருந்து, ஒரு வார்த்தை குறையாமல் போயிற்று. டொக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகளை உள்ளே கொண்டுபோன பிறகு தம்பி என் சேர்ட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். மதில் ஓரத்தில் வைத்து அடித்தான். அடிபட்ட கையாலும் அடித்தான். முகத்தில், விலாவில், கீழே விழுந்த பிறகு காலால். நான் கையைத் தூக்கவில்லை. வெந்த தோளில் அவன் செருப்பு பட்டபோது மட்டும் கத்தினேன். போதும் என்று யாரோ வந்து பிடித்தபோது, அவன் என்மேலேயே சாய்ந்து உட்கார்ந்து அழுதான். "என் புள்ளடா அவ" என்றான். அவனுக்குப் பிள்ளை கிடையாது.

குடித்தது கொஞ்சம், மருந்தும் தண்ணீர் கலந்தது, அதனால் தப்பித்தாள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தது பெரிய தப்பு என்று டொக்டர் தம்பி மூலமாகச் சொன்னார். காமாலைக்கு இலை கிலை எல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், கொதிக்க வைத்த தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் சொன்னார். தொண்டை வெந்து ஒரு வாரம் அவளால் பேச முடியவில்லை. அந்த முறை பரீட்சையும் போயிற்று. போலீசில் வாக்குமூலம் எழுதி, மிரட்டி, அனுப்பினார்கள். கண்டாக்கு என் முதுகிலிருந்து டாங்கியைக் கழற்றிவிட்டார். இப்போது நான் கவ்வாத்து வெட்டுகிறேன்.

ஐந்தாம் நாள் பாத்தி வெளிறியது. பத்தாம் நாள் வைக்கோல். லயம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒரு அதிசயம், என் பக்கத்தில் லீக்ஸுக்கு நடுவே கரிசாலை உயிரோடு நின்றது. வெள்ளிக்கிழமை மம்பட்டியால் வெட்டியபோது தாய்க் கொடியிலிருந்து அறுத்துவிட்டேன், ஆனால் சண்டையில் அதைப் பிடுங்கிப் போட மறந்துவிட்டேன். அறுந்ததால் விஷம் தண்டு வழியாக அதற்குப் போகவில்லை. என் லீக்ஸில் படக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடித்ததால் மேலேயும் படவில்லை. நான் சாகடிக்க நினைத்ததில் மிஞ்சியது அது மட்டும்தான்.

அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டு கல் வரிசைக்குக் கிட்டே போனேன். தம்பி மனைவி பின்கதவில் நின்றாள்.

"எங்க பக்கம் நீங்க கை வைக்காதீங்க மாமா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "ஒங்க பக்கத்துல நடுங்க. வரணும்னா அதுவா வரும்."

லீக்ஸ் முழுக்கப் பிடுங்கிப் போட்டேன். அப்புறம் நான் செய்ததைத்தான் முதலில் சொன்னேன், மிச்சத்தையும் சொல்கிறேன். அரை நிழல் போதும், முழு இருட்டு கூடாது, பூக்காது. ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகும், அதனால் எங்கள் மழைக்குப் பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்காவது தண்ணீர் வடிய கான் வெட்ட வேண்டும். உக்கின சாணி ஒரு கூடை போதும். நுனியைக் கிள்ளிக் கொடுத்தால் பக்கத்தில் அடர்ந்து வரும். தை மாதத்துப் பனி இலையைக் கருக்கிவிடும், காட்டுப் பன்னத் தழை வெட்டிப் போர்த்த வேண்டும். நத்தையைக் கையால் பொறுக்க வேண்டும். எதையும் தெளிக்கக் கூடாது. எதையும்.

தம்பி தன் பக்கத்து மண்ணை ஒரு முழம் தோண்டி எடுத்து வீசிவிட்டு, காட்டோரத்திலிருந்து புது மண் கொட்டினான். ஏழெட்டு மாதம் அந்த மண் சும்மா கிடந்தது. பிறகு ஒரு கொடி கல்லைத் தாண்டியது. நான் தினமும் போய்ப் பார்ப்பேன். தாண்டிய கணுவில் வேர் விட்டதா என்று குனிந்து பார்ப்பேன். விட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே பாய்.

லயத்து ஆட்கள் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள், ஆனாலும் கீரைக்கும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் இலைக்கு வருகிறார்கள். எல்லாரும் கழுவித்தான் அரைக்கிறார்கள். யார் வந்தாலும் நான் ஒரு இலையைக் கிள்ளி அவர்களுக்கு முன் நானே மென்று தின்பேன். தின்னச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. தம்பியும் நானும் பேசுகிறோம், மழையைப் பற்றி, வண்டியைப் பற்றி. என் மனைவி கல்லைத் தாண்டிப் போகிறாள், வருகிறாள். அவள்மேல் கை வைத்தது அந்த ஞாயிறு கடைசி. அது பெருமை இல்லை.

மகள் அடுத்த தடவை பரீட்சை எழுதி, இப்போது நுவரெலியாவில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். மாதம் ஒரு தடவை வருவாள். அவள் சித்தி எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பாள், அதற்கு இலை பறிக்க மகள்தான் ஒரு கிண்ணத்தோடு பின்பக்கம் வருவாள். எங்கள் பக்கத்தில் இலை நல்ல கொழுகொழுவென்று காலடியிலேயே நிற்கும். அவள் அதை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, கல் வரிசையைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்க் குனிந்துதான் பறிப்பாள்.

போன தடவை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஒரு இலையை வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னேன்: "பாப்பா, இது அதே கொடிதாம்மா. இங்கருந்துதான் அங்க போச்சு."

"தெரியும்ப்பா" என்றாள். நிமிரவில்லை. அந்தப் பக்கத்திலேயே பறித்துக்கொண்டிருந்தாள்.